மூளைக்குள் இரட்டைப் பதிவு

டோபமைன் என்கிற சொல் டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. கழுத்தில் கம்பெனி அட்டையைத் தொங்கவிட்ட பையன் ஒருவன், திங்கட்கிழமை காலை டீயை ஆற்றிக்கொண்டே, ‘‘டோபமைன் டவுன் பாஸ்’’ என்கிறான். கொஞ்ச காலம் முன்பு இதற்கு ‘மூடு சரியில்லை’ என்று பெயர். அதற்கும் முன்பு ‘சோம்பேறித்தனம்’. பக்கத்தில் இருந்த அவன் சிநேகிதன் மூன்று நாள் செல்போனைத் தொடாமல் ‘டோபமைன் விரதம்’ இருந்தானாம். நாலாம் நாள் அதைப் பற்றியே வீடியோ எடுத்துப் போட்டானாம். டோபமைன் என்றால் சந்தோஷம், செரடோனின் என்றால் நிம்மதி, அட்ரினலின் என்றால் ஆவேசம் என்று ஆளுக்கொரு இலாகா ஒதுக்கி, மண்டைக்குள் ஒரு மந்திரிசபையே அமைத்துவிட்டார்கள்.

இலாகா பிரித்ததுதான் தப்பு. அங்கே எந்த மந்திரியும் தனியாகக் கையெழுத்துப் போட முடியாது.

நான் பி.காம். மூளையைப் பற்றிப் பேச உனக்கென்னய்யா தகுதி என்று கேட்பீர்கள். ஒரே ஒரு தகுதிதான். அக்கவுன்டன்ஸி முதல் வகுப்பில் கற்றுக்கொண்ட இரட்டைப் பதிவு. 1494-ல் வெனிஸில் லூக்கா பச்சோலி என்கிற பாதிரியார் அச்சில் விளக்கிய முறை. ஒரு கணக்கில் பற்று எழுதினால் இன்னொரு கணக்கில் வரவு எழுதியே ஆகவேண்டும். எதுவும் தனியாக நடக்காது. கொஞ்ச நாளாக மூளை ரசாயனங்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க நேர்ந்தது (காரணம் பின்னால் வருகிறது). படிக்கப் படிக்க, ‘அட, இது நம்ம சப்ஜெக்ட்’ என்றுதான் தோன்றியது. ஒரு லெட்ஜரில் கை வைத்தால் பக்கத்து லெட்ஜர் கலைகிறது.

முதலில் கொஞ்சம் அடிப்படை. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். பெரும்பாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி. அதைத் தாண்டிச் செய்தி போவது ரசாயனத்தின் மூலம். இதை நிரூபித்தவர் ஓட்டோ லோவி, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், 1921-ல். எப்படி நிரூபிப்பது என்கிற யோசனை அவருக்குக் கனவில் வந்தது. பாதித் தூக்கத்தில் எழுந்து கிறுக்கி வைத்தார். காலையில் பார்த்தால் எழுத்து புரியவில்லை. டாக்டர் கையெழுத்து! நல்லவேளை, மறுநாள் ராத்திரி அதே கனவு மறுபடி வந்தது. இந்தத் தடவை எழுதவில்லை. நேரே ஆய்வகத்துக்கு ஓடினார். ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி, துடிப்பைக் குறைத்தார். அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து வேறொரு இதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இதயமும் மெதுவாகியது. திரவத்தில் இருந்த சமாச்சாரம் பிற்பாடு அசிட்டைல்கோலின் என்று தெரிந்தது. 1936-ல் நோபல். இந்த அசிட்டைல்கோலினை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வில்லன் மாதிரி பின்னால் வரும்.

மூளையின் அன்றாட வேலையை நடத்துவது, இவ்வளவு பேர் வாங்கிய டோபமைன் அல்ல. பெரும்பாலான சந்திப்புகளில் பேச்சு இரண்டே வார்த்தைதான். ‘போ’ என்பது குளூட்டமேட். ‘பொறு’ என்பது காபா. (காபி அல்ல, காபா.) வேடிக்கை என்னவென்றால் குளூட்டமேட்டில் ஒரு சின்னத் துண்டை நறுக்கினால் அதுவே காபா. ‘போ’ என்பதில் வாலை வெட்டி ‘பொறு’ செய்துகொள்கிறது மூளை. இந்தச் சிக்கனத்தைப் பார்த்தால் எந்த ஆடிட்டரும் கை தட்டுவார்.

டோபமைன், செரடோனின், நார்அட்ரினலின் எல்லாம் சில லட்சம் செல்களின் விவகாரம். 8,600 கோடியில் சில லட்சம்! ஆபீஸ் மேனேஜர்கள் மாதிரி. அவர்களாக ஃபைல் பார்ப்பதில்லை. பார்க்கிறவனை ‘இன்னும் வேகமா’, ‘இது போதும்’ என்று ஏற்றி இறக்குவதுதான் உத்தியோகம். போதாக்குறைக்கு மேனேஜர்களுக்குள்ளேயே பாலிடிக்ஸ். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் குமாஸ்தாக்கள் கணக்கு.

தினசரி குடிக்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். மது உள்ளே போனதும் காபாவின் ‘பொறு’ பலமாகிறது. குளூட்டமேட்டின் ‘போ’ மங்குகிறது. அதனால்தான் ஆள் தளர்ந்து, நாக்கு குழறி, வராத பாட்டெல்லாம் பாடுகிறார். வருஷக்கணக்கில் இது தினமும் நடந்தால் மூளை சும்மா இருக்குமா? எதிர்ப் பதிவு போடுகிறது. காபாவின் பேச்சுக்கு மதிப்பைக் குறைக்கிறது. குளூட்டமேட்டைக் கேட்கும் காதுகளை அதிகமாக்குகிறது. இப்போது குடித்தால்தான் ஐந்தொகை சமன். இப்படிப்பட்ட மனிதர் ஒரு நல்ல நாளில் திருந்துகிறார். மாலை போடுகிறார், அல்லது மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார். மது விலகிவிட்டது, ஆனால் எதிர்ப் பதிவு அப்படியே நிற்கிறது. பிரேக் தேய்ந்த வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதித்த கதி. முதல் நாள் கை நடுக்கம், வியர்வை. அடுத்த நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்வதாகவும், யாரோ கூப்பிடுவதாகவும் பிதற்றலாம். வீட்டில் ‘காத்து கருப்பு’ என்று வேப்பிலை ஒடிக்கப் போகிறார்கள். நேரமாக ஆக இது உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் காபாவுக்குக் கை கொடுக்கும் மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து, கூடவே பி1 வைட்டமினும் ஏற்றிச் சரி செய்துவிடுவார்கள். நிறுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. தினமும் நிறையக் குடித்தவர் டாக்டர் துணையோடு நிறுத்தவேண்டும் என்கிறேன். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். சொல்லி வையுங்கள்.

காபியும் இதே வகைதான், சாதுவான பங்காளி. நாள் முழுக்க மூளை உழைக்க உழைக்க, அடினோசின் என்கிற கழிவு சேர்ந்து தூக்கத்தைக் கூப்பிடும். அடினோசினுக்கான நாற்காலியில் காபியின் காஃபீன் துண்டு போட்டு உட்கார்ந்துகொள்கிறது. சில செல்களில் இந்த நாற்காலிக்கு ஒட்டியே டோபமைனின் நாற்காலியும் இருக்கிறது. அடினோசின் உட்கார்ந்தால் டோபமைனுக்கு மரியாதை குறையும்; காஃபீன் உட்கார்ந்தால் குறையாது. ஆக, காலை டிகாக்ஷன் டோபமைனைத் தொடவே இல்லை. தொந்தரவு செய்தவனை வழிமறித்தது, அவ்வளவுதான். இந்தத் தந்திரத்தையே மருந்தாக்கி, இஸ்ட்ராடெஃபிலின் என்று பெயரிட்டு, 2013-ல் ஜப்பானிலும் 2019-ல் அமெரிக்காவிலும் பார்க்கின்ஸன் நோய்க்கு அனுமதித்தார்கள்.

பார்க்கின்ஸன் என்று வந்துவிட்டது. இனி மேனேஜர்கள் கதை. இது சர்ப்பகந்தா என்கிற நம் ஊர் வேரிலிருந்து தொடங்குகிறது. 1931-ல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், இந்த வேர் பித்துப் பிடித்தவர்களை அமைதியாக்குகிறது, ரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று எழுதினார்கள். 1949-ல் பம்பாயின் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதயநோய்ப் பத்திரிகையில் எழுதியதும் உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் ஸ்விட்சர்லாந்தில் அதன் சாரமான ரெஸர்பினைப் பிரித்தெடுத்தார்கள்.

1957-ல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்ஸன் இந்த ரெஸர்பினை முயல்களுக்குப் போட்டார். காது தொங்கி, அசையாமல், பொம்மை மாதிரி உட்கார்ந்துவிட்டன. ரெஸர்பின் செரடோனினைக் காலி செய்கிறது என்று அப்போது தெரியும். சரி, செரடோனினின் மூலப்பொருளைக் கொடுத்துப் பார்ப்போம் என்று கொடுத்தார். முயல் எழுந்திருக்கவில்லை. எல்-டோபா என்ற இன்னொரு மூலப்பொருளைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் காது நிமிர்ந்து, முயல் எழுந்து நடமாடியது! எல்-டோபா உடம்பில் டோபமைனாகும், டோபமைன் நார்அட்ரினலினாகும். அதுவரை டோபமைன் என்பது வழியில் வரும் ஒரு ஸ்டேஷன், இறங்க வேண்டிய ஊர் அல்ல என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கார்ல்ஸன் இறங்கிப் பார்த்தார். பெரிய ஊர். 2000-ல் அவருக்கும் நோபல் வந்தது.

இங்கே ஒரு சேப்பாக்கம் சமாச்சாரம். சேப்பாக்கம் என்றால் நமக்கு கிரிக்கெட்தான். ஆனால் 1937-லேயே அங்கிருந்த சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமஸ்வாமி என்கிற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து இதே எல்-டோபாவைப் பிரித்தெடுத்து எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் எதிரியின் சட்டைக்குள் போட்டு அரிப்பெடுக்க வைப்போமே, அதே பூனைக்காலி. ஆயுர்வேதத்தில் பழைய மருந்து. (உடனே விதை தேடிக் கிளம்பவேண்டாம். 1913-ல் அவரை விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்த குக்கன்ஹைம், பரிசோதனையாகத் தானே இரண்டரை கிராம் முழுங்கி, வாந்தி எடுத்தார். வாந்தியைக் கிளப்பும் இடத்திலும் டோபமைனுக்கு ஒரு கிளை ஆபீஸ் உண்டு.)

1960-ல் வியன்னாவில் ஹார்னிகிவிச், பார்க்கின்ஸன் நோயில் இறந்தவர்களின் மூளையில், அசைவை நடத்தும் பகுதியில், டோபமைன் வற்றிப் போயிருப்பதைக் கண்டார். அடுத்த வருஷம் எல்-டோபாவை ஊசியில் ஏற்றியபோது படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், நடந்தார்கள். 1967-ல் கோட்ஸியாஸ் என்பவர் வாய்வழியாகக் கொடுத்தே நல்ல பலன் கண்டார். குறைந்ததை நிரப்பியாயிற்று, கணக்கு முடிந்தது என்றுதான் நானும் புத்தகத்தை மூடியிருப்பேன். ஒரு கேள்வி இடித்தது.

எல்-டோபாவுக்கு நூறு வருஷம் முன்பே, 1860-களில், பாரீஸில் ஷார்கோ என்கிற மகா டாக்டரின் ஆஸ்பத்திரியில் இதே நோய்க்கு பெல்லடோனா வகைச் சரக்கைக் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊர் ஊமத்தைக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நடுக்கம் ஓரளவு குறைந்தது. அதில் டோபமைன் துளிகூடக் கிடையாது. அது தடுப்பது அசிட்டைல்கோலினை. சொன்னேன் இல்லையா, பின்னால் வரும் என்று!

அசைவை நடத்தும் அந்தப் பகுதியில் டோபமைன், அசிட்டைல்கோலினைச் சுரக்கும் செல்களை அடக்கி வைத்திருக்கிறது. டோபமைன் வற்றியதும் அடக்க ஆளில்லை. அசிட்டைல்கோலினின் கை ஓங்குகிறது. நடுக்கத்தில் அதற்கும் பங்கு. ஆகவே டோபமைனைக் கூட்டலாம், அல்லது அசிட்டைல்கோலினைக் குறைக்கலாம். இரண்டு வழியிலும் தராசு கொஞ்சம் நேராகும். ரொம்ப காலம் இதைச் ‘சீசா பலகை’ என்றே சொல்லிக் கொடுத்தார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. அசிட்டைல்கோலின் சில சமயம் டோபமைன் நரம்பின் நுனியைத் தட்டி ‘இன்னும் கொடு’ என்றும் வாங்குகிறது. சிகரெட்டின் நிகோடின் நுழைவதும் இந்த வாசலில்தான். அதாவது இவர்கள் பகையாளிகளும் இல்லை, கூட்டாளிகளும் இல்லை. ஒரே வீட்டு மாமியாரும் மருமகளும்.

இப்போது, இதையெல்லாம் நான் தேடிப் படித்த காரணம். என் நண்பனின் அப்பாவுக்கு ஏழு வருஷமாகப் பார்க்கின்ஸன். தலைமை குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர். வரவு செலவில் ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்தூக்கம் வராத ஜாதி. எல்-டோபா மாத்திரையும், கை நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிபெனிடில் என்கிற இன்னொன்றும் சாப்பிடுகிறார். இந்த இரண்டாவது, அந்தப் பெல்லடோனாவின் நவீனப் பேரன். போன வருஷம் ஒரு சாயங்காலம் நான் போயிருந்தபோது, ‘‘வாப்பா’’ என்றவர் என் பக்கத்து நாற்காலியைக் காட்டி, ‘‘அவங்களையும் உட்காரச் சொல்லு’’ என்றார். பக்கத்தில் யாரும் இல்லை.

‘‘தினமும் வர்றாங்க’’ என்றான் நண்பன் மெதுவாக. ‘‘மூணு பேர். ஒரு சின்னப் பொண்ணு. பேச மாட்டாங்க. சும்மா நின்னு பார்ப்பாங்களாம்.’’

அப்பா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ‘‘காபி போடும்போது அவங்களுக்கும் சேர்த்துப் போடு.’’

‘‘போட்டாச்சுங்க’’ என்றார் அம்மா, அடுக்களையிலிருந்து. டம்ளர் சத்தம்கூடக் கேட்டது.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், வீடியோ காலில், ‘‘மாத்திரைதானே காரணம்? நிறுத்திடுங்க’’ என்று தீர்ப்பு சொன்னான். பயந்துகொண்டே ஒரு நாள் எல்-டோபாவைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார்கள். அன்று விருந்தாளிகள் வந்தார்களோ இல்லையோ, சாயங்காலம் நாற்காலியிலிருந்து அவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. படுக்கையில் தானாகப் புரள முடியவில்லை. ‘‘நடக்கிற அப்பாவா, தெளிவான அப்பாவா, ரெண்டுல ஒண்ணு செலக்ட் பண்ணுன்னா எப்படிடா?’’ என்றான் நண்பன். என்னிடம் பதில் இல்லை. அப்போதுதான் படிக்க ஆரம்பித்தேன்.

மருந்தை நியூராலஜிஸ்ட்டிடம் கேட்காமல் குறைத்ததற்கு அந்த அம்மையார் நன்றாகவே திட்டினார். எல்-டோபாவைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து, காய்ச்சல் ஏறி, தீவிர சிகிச்சைப் பிரிவு வரை கொண்டுபோகுமாம். பிறகு விளக்கினார். எல்-டோபா, மூளையில் அசைவு இலாகாவுக்கு மட்டும் என்று விலாசம் பார்த்துப் போவதில்லை. காட்சியும் எண்ணமும் தயாராகிற இடங்களுக்கும் போய், அங்கே அளவு மீறுகிறது. ட்ரைஹெக்ஸிபெனிடில் அசிட்டைல்கோலினை நடுக்கம் இருக்கும் இடத்தில் மட்டும் தடுப்பதில்லை. ஞாபகமும் கவனமும் அசிட்டைல்கோலினை நம்பி இருக்கிற இடங்களிலும் தடுக்கிறது. ஊமத்தங்காய் தின்றவன் இல்லாததைப் பார்த்துப் பிதற்றுவது இதே கணக்கில்தான். வயதானவர்களுக்கு அந்த மாத்திரை ரொம்பவே இடிக்கும்.

‘‘சரி டாக்டர், மனநோய்க்குக் குடுக்கிற மருந்து ஏதாவது குடுத்து அந்த உருவங்களை நிறுத்தலாமே?’’ என்றான் நண்பன்.

‘‘எந்த மருந்துன்னு பார்த்துக் குடுக்கணும் தம்பி’’ என்றார். அதன் பின்னணி இது. 1952-ல் பாரீஸில் குளோர்ப்ரோமஸின் மனநோய்க்கு மருந்தாக வந்தது. மனப்பிரமைகள் அடங்கின. ஆனால் பலருக்கு நடை குறுகி, முகம் இறுகி, கை நடுங்கி, அசல் பார்க்கின்ஸன் மாதிரியே ஆனது. அந்த வகை மருந்துகள் டோபமைனின் நாற்காலியை அடைத்துவிடுகின்றன. ஹாலோபெரிடாலும் அப்படி. பார்க்கின்ஸன்காரருக்கு அதைக் கொடுத்தால், விருந்தாளிகளோடு வீட்டுக்காரரும் உறைந்துபோவார். சாதாரண வாந்தி மாத்திரையான மெட்டோகுளோப்ரமைடுகூட மூளைக்குள் போய் இதே வேலையைச் செய்யும். ஆகவே வீட்டு அலமாரியில் கிடப்பதை எடுத்துக் கொடுக்காதீர்கள் என்று அம்மாவிடம் தனியாகச் சொன்னார்.

அப்புறம் செய்ததுதான் எனக்கு அக்கவுன்டன்ஸியாகப் பட்டது. முதலில் ட்ரைஹெக்ஸிபெனிடிலைப் பல வாரங்களில் படிப்படியாக நிறுத்தினார். நடுக்கம் கொஞ்சம் கூடியது. அப்பா பேப்பர் படிக்கும்போது பேப்பரும் சேர்ந்து படபடத்தது. ஆனால் மூன்று பேரில் இரண்டு பேர் வருவது நின்றது. எல்-டோபாவில் கை வைக்கவில்லை. நேரத்தை மட்டும் மாற்றினார். சாம்பார் பருப்பு, முட்டை, பால் என்று புரதம் சாப்பிட்டால், எல்-டோபா ஏறவேண்டிய அதே வண்டியில் புரதத் துணுக்குகளும் இடம் பிடிக்கும். மாத்திரை பிளாட்பாரத்திலேயே நின்றுவிடும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாத்திரை. கடைசியாகக் குவெடியபின் என்கிற மருந்தை ராத்திரி மட்டும், மிகக் குறைந்த அளவில். அது டோபமைனின் நாற்காலியில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடும். செரடோனினின் ஒரு நாற்காலியைத்தான் கெட்டியாகப் பிடிக்கும். டோபமைனால் வந்த உருவத்தைக் கலைக்க செரடோனினின் கதவைத் தட்டுகிறார்கள்! 2016-ல் அமெரிக்காவில் பார்க்கின்ஸன் பிரமைகளுக்கென்றே அனுமதித்த பிமவான்செரின், டோபமைன் பக்கமே போகாமல் செரடோனின் வாசலில் மட்டும் வேலை செய்கிறது. முதல் கணக்கில் வந்த பிழையை மூன்றாவது கணக்கில் நேர் செய்கிற பதிவு.

போன வாரம் போயிருந்தேன். மாத்திரை வேலை செய்கிற மணிகளில் அப்பா வாசல் வரை தானாக நடக்கிறார். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, அப்புறம் எத்தனை அடி நடந்தார் என்று பழைய ஆபீஸ் லெட்ஜர் மாதிரி கோடு போட்ட நோட்டில், நெளிநெளியாக, தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். டாக்டர் அதைப் பார்த்துத்தான் அளவை மாற்றுகிறாராம். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘விருந்தினர்’. அந்த வாரத்தில் ஐந்து நாள் சைபர். செவ்வாய், வெள்ளி மட்டும் ‘1 (சிறுமி)’ என்று இருந்தது.

‘‘இல்லைன்னு தெரியுது’’ என்றார் என்னிடம். ‘‘இருந்தாலும் என்ட்ரி போடணும் இல்ல?’’